தலைமை நமக்கும் வரும்



நீங்கள் இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்கிறீர்கள். கையெழுத்துப் போடுகிறீர்கள். பேருந்தின் பெயர்ப் பலகையை நீங்களே படித்து ஏறுகிறீர்கள். ரேஷன் கடைப் பலகையில் எழுதியிருக்கும் இருப்பையும் விலையையும் பார்த்துக் கேள்வி கேட்கிறீர்கள். இது பெரிய மாற்றம். இனி அடுத்த படிக்குப் போவோம்.

நம் தெருவில் குடிநீர்க் குழாய் உடைந்து கிடக்கிறது. பத்து நாளாகத் தண்ணீர் வீணாகப் போகிறது. எல்லோரும் பார்க்கிறோம். எல்லோரும் வருத்தப்படுகிறோம். யார் போய்ப் பேசுவது? "தலைவர் யாராவது பார்த்துக்கொள்வார்" என்று இருந்துவிடுகிறோம்.

அந்தத் தலைவர் யார்? அவர் எங்கிருந்து வருவார்? அவருக்கு என்ன குணங்கள் வேண்டும்? அந்தக் குணங்களை நாமும் வளர்த்துக்கொள்ள முடியுமா? இந்தப் பாடத்தில் இவற்றைப் பற்றிப் பேசுவோம்.

தலைவர் என்றால் யார்?

தலைவர் என்றதும் மேடை நினைவுக்கு வருகிறது. மாலை நினைவுக்கு வருகிறது. கார், கூட்டம், ஒலிபெருக்கி எல்லாம் நினைவுக்கு வருகின்றன. பணம் உள்ளவர் தலைவர் என்று சிலர் நினைக்கிறார்கள். உரக்கப் பேசுபவர் தலைவர் என்று சிலர் நினைக்கிறார்கள். நிறையப் படித்தவர்தான் தலைவராக முடியும் என்றும் சிலர் நினைக்கிறார்கள்.

கல்யாண வீட்டில் பந்தி நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் ஓரமாக நிற்பார். எந்த இலையில் சோறு குறைகிறது என்று பார்ப்பார். சாம்பார் வாளி காலியாகும் முன்பே அடுத்த வாளிக்கு ஆள் அனுப்புவார். வயதானவர் யாராவது நின்றுகொண்டிருந்தால் முதலில் உட்கார வைப்பார். அவருக்கு மாலை கிடையாது. மேடை கிடையாது. ஆனால் அவர் இல்லாவிட்டால் பந்தி குழம்பிவிடும். எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் அவர் சாப்பிடுவார்.

அந்தப் பந்தியில் அவர்தான் தலைவர். ஒரு நல்ல வேலையைப் பலரும் சேர்ந்து செய்வதற்கு வழி செய்பவரே தலைவர். பதவி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

நம் நாட்டின் மூன்று இடங்களில் நடந்த மூன்று உண்மைக் கதைகளைப் படிப்போம். மூன்றும் சாதாரண மக்களின் கதைகள்.

1. காட்டைக் காத்த கௌரா தேவி

இமயமலைப் பகுதியில் ரேணி என்று ஒரு சிறிய ஊர் இருக்கிறது. இப்போது அது உத்தராகண்ட் மாநிலத்தில் சமோலி மாவட்டத்தில் உள்ளது. அந்த ஊர்ப் பெண்களுக்குக் காடுதான் எல்லாம். விறகு, தீவனம், மூலிகை எல்லாம் காட்டிலிருந்தே வரும்.

1970-இல் அந்தப் பகுதியில் அலக்நந்தா ஆற்றில் பெரும் வெள்ளம் வந்தது. மலைச்சரிவில் மரங்களை வெட்டியதால்தான் மண் சரிந்தது, வெள்ளம் பெருகியது என்று மக்கள் புரிந்துகொண்டார்கள். ஆனாலும் ரேணிக் காட்டின் மரங்கள் ஏலம் விடப்பட்டன. ஒரு குத்தகைக்காரர் ஏலம் எடுத்தார்.

1974 மார்ச் 26. அன்று ஊரில் ஆண்கள் இல்லை. நிலத்துக்கான இழப்பீட்டுப் பணம் வாங்கச் சமோலிக்குப் போயிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து மரம் வெட்டும் ஆட்கள் காட்டுக்குள் போனார்கள். அதை ஒரு சிறுமி பார்த்துவிட்டாள். ஓடிப்போய்க் கௌரா தேவியிடம் சொன்னாள்.

கௌரா தேவி பள்ளிக்கூடம் போகாதவர். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். ஊர் மகளிர் மன்றத்தின் தலைவி. அவர் ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டார். பெண்களும் சிறுமிகளுமாக 27 பேர் திரண்டார்கள். காட்டுக்குப் போனார்கள்.

அங்கே மரம் வெட்டுவோர் சமைத்துக்கொண்டிருந்தார்கள். கௌரா தேவி அவர்களைத் திட்டவில்லை. "சகோதரர்களே" என்றுதான் அழைத்தார். இந்தக் காடு எங்களுக்குத் தாய்வீடு, இதை வெட்டினால் மலை சரிந்து எங்கள் வீடுகள் போய்விடும் என்று எடுத்துச் சொன்னார். சாப்பிட்டுவிட்டு எங்களோடு கீழே இறங்கி வாருங்கள், ஆண்கள் திரும்பியதும் பேசி முடிவு செய்யலாம் என்றார்.

சிலர் கேட்டார்கள். சிலர் கேட்கவில்லை. ஒருவர் துப்பாக்கியைக் காட்டி மிரட்டினார். கௌரா தேவி முன்னால் போய் நின்றார். முதலில் என்னைச் சுடு, பிறகு மரத்தை வெட்டு என்றார். மற்ற பெண்கள் கலையவில்லை. மரங்களைக் கட்டிப்பிடித்துக் காக்கவும் தயாராக நின்றார்கள். கடைசியில் வெட்ட வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். பெண்கள் இரவெல்லாம் காவல் இருந்தார்கள்.

இந்தச் செய்தி நாடெங்கும் பரவியது. மரத்தைக் கட்டிப்பிடித்துக் காப்பதால் இந்த இயக்கத்துக்குச் 'சிப்கோ' என்று பெயர். இந்தியில் அதற்கு 'ஒட்டிக்கொள்' என்று பொருள். அரசு ஒரு குழு அமைத்து ஆராய்ந்தது. பிறகு அந்தப் பகுதியில் சுமார் 1,200 சதுர கிலோமீட்டர் காட்டில் 10 ஆண்டுகளுக்கு மரம் வெட்டத் தடை வந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கௌரா தேவி அந்த ஒரே நாளில் தலைவி ஆகிவிடவில்லை. அதற்கு முன்பே மகளிர் மன்ற வேலைகளைச் செய்து வந்தார். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். ஊர்ப் பெண்களுக்கும் அவரைத் தெரியும். அதனால்தான் அவர் கூப்பிட்டதும் அடுப்பை விட்டு எழுந்து வந்தார்கள். அவசர நாளில் நம் குரலுக்கு ஆள் வர வேண்டுமானால், சாதாரண நாளில் நாம் அவர்களோடு இருந்திருக்க வேண்டும்.

2. பால் தந்த பாடம்

இரண்டாவது கதை குஜராத் மாநிலத்தில் நடந்தது. அங்கே ஆனந்த் என்ற ஊர் இருக்கிறது. அது அப்போது கேடா மாவட்டத்தில் இருந்தது. அந்தப் பக்கத்துச் சிறு விவசாயிகள் எருமை வளர்த்துப் பால் விற்றார்கள். பால் பம்பாய்க்குப் போனது. பம்பாய் நகரம் சுமார் 400 கிலோமீட்டர் தூரம். பாலை வாங்கும் உரிமை ஒரே ஒரு தனியார் நிறுவனத்திடம் இருந்தது. நடுவில் தரகர்கள் இருந்தார்கள். அவர்கள் வைத்ததுதான் விலை. பால் கெட்டுப்போகும் பொருள். நாளைக்கு விற்கலாம் என்று வைத்திருக்க முடியாது. அதனால் விவசாயிகள் கிடைத்த விலைக்குக் கொடுத்தார்கள்.

அவர்கள் சர்தார் வல்லபாய் படேலிடம் போய் முறையிட்டார்கள். நீங்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்துக்கொள்ளுங்கள் என்று அவர் யோசனை சொன்னார். அதற்காக நட்டப்படவும் தயாராக இருக்க வேண்டும் என்றும் சொன்னார். 1946 ஜனவரியில் சமர்கா என்ற கிராமத்தில் கூட்டம் நடந்தது. சங்கம் அமைப்பது, அதுவரை பால் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். 15 நாட்கள் ஒரு சொட்டுப் பாலும் அந்த நிறுவனத்துக்குப் போகவில்லை. ஏழை வீட்டில் 15 நாள் பால் வருமானம் இல்லை என்றால் எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் யாரும் பிரிந்து போகவில்லை. கடைசியில் அரசு இறங்கி வந்தது. 1946 டிசம்பர் 14 அன்று மாவட்டப் பால் கூட்டுறவு ஒன்றியம் பதிவானது. இரண்டே கிராமச் சங்கங்கள். நாளுக்குச் சுமார் 250 லிட்டர் பால். தொடக்கம் அவ்வளவுதான். அதுதான் பின்னாளில் 'அமுல்' ஆனது.

இந்த ஒன்றியத்தின் தலைவர் திருபுவன்தாஸ் படேல். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். அவர் கிராமம் கிராமமாகப் போனார். மக்களோடு உட்கார்ந்து பேசினார். சங்கம் என்றால் என்ன, அதில் நமக்கு என்ன லாபம், என்ன கடமை என்று பொறுமையாக விளக்கினார்.

சங்கத்தில் முறை ஒன்று இருந்தது. காலையும் மாலையும் பால் ஊற்ற எல்லோரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். பெரிய சாதி, சின்ன சாதி என்று தனி வரிசை கிடையாது. முதலில் வந்தவர் முதலில் ஊற்றுவார். ஒவ்வொருவர் பாலையும் அளப்பார்கள். கொழுப்புச் சத்தைச் சோதிப்பார்கள். அதன்படியே விலை. பத்து எருமை உள்ளவருக்கும் ஓர் எருமை உள்ளவருக்கும் ஓர் ஓட்டுத்தான். அளவு சரியாக இருந்தது. கணக்கு சரியாக இருந்தது. அதனால் நம்பிக்கை வளர்ந்தது.

திருபுவன்தாஸ் படேலிடம் இன்னொரு நல்ல குணமும் இருந்தது. தமக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் ஒப்படைப்பார். 1949-இல் வர்கீஸ் குரியன் என்ற பொறியாளர் அரசு வேலையாக ஆனந்துக்கு வந்தார். அவர் கேரளத்துக்காரர். குஜராத்தி தெரியாது. அந்த ஊரும் அவருக்குப் பிடிக்கவில்லை. எப்போது கிளம்பலாம் என்று இருந்தார். சங்கத்தின் பழைய இயந்திரங்கள் பழுதானபோது அவரைத்தான் உதவிக்குக் கூப்பிட்டார்கள். அவர் வேலையைப் பார்த்த திருபுவன்தாஸ், இவர் போய்விடக்கூடாது என்று நினைத்தார். இங்கேயே இருங்கள் என்று கேட்டுக்கொண்டார். குரியன் தங்கினார். பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் இருவரும் சேர்ந்து உழைத்தார்கள். ஒருவர் மக்களைச் சேர்த்தார். இன்னொருவர் இயந்திரத்தையும் விற்பனையையும் பார்த்தார். இவர் பெரியவரா அவர் பெரியவரா என்ற சண்டை வரவில்லை. 1963-இல் இருவருக்கும் மகசேசே விருது கிடைத்தது.

1970-களின் தொடக்கத்தில் திருபுவன்தாஸ் தாமாகவே தலைவர் பதவியை விட்டு விலகினார். யாரும் அவரை இறக்கவில்லை. அப்போது சங்க உறுப்பினர்கள் நன்றியோடு பணம் திரட்டி அவருக்குக் கொடுத்தார்கள். அவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. தாய்மார்கள், குழந்தைகள் உடல்நலத்துக்காக ஓர் அறக்கட்டளை தொடங்கினார். பதவிக்கு வருவது பெரிதல்ல. எப்போது விலகுவது என்று தெரிந்திருப்பதும் தலைமைக் குணம்தான்.

3. கையெழுத்துக் கற்ற இரவு

மூன்றாவது கதையும் குஜராத்தில்தான் நடந்தது. அகமதாபாத் நகரத்தில். இது நமக்கு மிக நெருக்கமான கதை.

அங்கே துணிச் சந்தையில் பெண்கள் தலைச்சுமை தூக்கினார்கள். சிலர் காய்கறி விற்றார்கள். சிலர் பழைய துணி வாங்கி விற்றார்கள். சிலர் வீட்டில் பீடி சுற்றினார்கள். இவர்களுக்கு முதலாளி என்று ஒருவர் இல்லை. அதனால் சட்டத்தின் கண்ணில் இவர்கள் தொழிலாளர்களாகவே தெரியவில்லை.

எலா பட் என்ற வழக்கறிஞர் ஒரு தொழிற்சங்கத்தின் மகளிர் பிரிவில் வேலை பார்த்தார். தலைச்சுமைப் பெண்கள் சொன்னதைக் கேட்டார். அவர்கள் கூலி பற்றிச் செய்தித்தாளில் எழுதினார். வியாபாரிகள் அதை மறுத்தார்கள். நாங்கள் நியாயமான கூலிதான் கொடுக்கிறோம் என்று கணக்கு எழுதி அதே செய்தித்தாளில் வெளியிட்டார்கள். எலா பட் என்ன செய்தார் தெரியுமா? வியாபாரிகள் சொன்ன அதே கணக்கை அட்டையில் அச்சடித்துப் பெண்களிடம் கொடுத்தார். பெண்கள் அந்த அட்டையைக் காட்டிக் கூலி கேட்டார்கள். வியாபாரிகளால் தங்கள் வார்த்தையைத் தாங்களே மறுக்க முடியவில்லை. எழுத்தின் வலிமையைப் பாருங்கள்!

பிறகு பெண்கள் சங்கம் அமைத்தார்கள். அதன் பெயர் 'சேவா'. முதலாளி இல்லாமல் தொழிற்சங்கம் எப்படி என்று அதிகாரிகள் முதலில் பதிவு செய்ய மறுத்தார்கள். சங்கம் என்பது யாரையாவது எதிர்ப்பதற்காக மட்டும் அல்ல, தொழிலாளர்கள் ஒன்று சேர்வதற்காகவும்தான் என்று எலா பட் வாதாடினார். 1972-இல் சங்கம் பதிவானது.

அடுத்த கஷ்டம் கடன். காய்கறி விற்கும் பெண் காலையில் 50 ரூபாய் கடன் வாங்குவார். மாலையில் 55 ரூபாய் திருப்பிக் கொடுப்பார். ஒரே நாளுக்கு 5 ரூபாய் வட்டி! வங்கிக்குப் போனால் மதிப்பதில்லை. ஒரு கூட்டத்தில் பழைய துணி விற்கும் பெண் ஒருவர் எழுந்தார். நாமே ஒரு வங்கி தொடங்கினால் என்ன என்று கேட்டார். நாம் ஏழைகள், நம்மிடம் ஏது பணம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். ஏழைகள்தான், ஆனால் நாம் நிறையப் பேர் இருக்கிறோமே என்றார் அந்தப் பெண். அதன்பின் 4,000 பெண்கள் ஆளுக்கு 10 ரூபாய் போட்டார்கள்.

வங்கியைப் பதிவு செய்யப் போனபோது புதிய சிக்கல் வந்தது. மனுவில் பொறுப்பாளர்கள் கையெழுத்துப் போட வேண்டும். அவர்களில் பலருக்கு எழுதத் தெரியாது. கைநாட்டு வைத்தே பழக்கம். அவர்கள் பின்வாங்கவில்லை. இரவெல்லாம் உட்கார்ந்து தங்கள் பெயரை எழுதிப் பழகினார்கள். சுமை தூக்கிக் காய்த்த விரல்கள் அந்த ஒரு பெயரைத் திரும்பத் திரும்ப எழுதின. மறுநாள் ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். 1974-இல் வங்கி பதிவானது. அந்த வங்கி இன்றும் நடக்கிறது.

நீங்கள் முதன்முதலாக உங்கள் பெயரை எழுதிய நாளை நினைத்துப் பாருங்கள். அந்தப் பெண்களின் மகிழ்ச்சி உங்களுக்குப் புரியும்.

எலா பட் 2022-இல் காலமானார். அவர் தாமே கையெழுத்துப் போட்டு வங்கியை நடத்தியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. அவர்களையே கையெழுத்துப் போட வைத்தார். நல்ல தலைவர் பிறருக்காக எல்லாவற்றையும் தாமே செய்துவிடமாட்டார். பிறரைச் செய்ய வைப்பார்.

கதைகள் காட்டும் குணங்கள்

மூன்று கதைகளிலும் வந்த குணங்களை ஒன்றாகச் சேர்ப்போம்.

கேட்கும் குணம்: தலைவர் முதலில் காது கொடுக்க வேண்டும். வங்கி என்ற யோசனை எலா பட்டிடமிருந்து வரவில்லை. பழைய துணி விற்ற பெண்ணிடமிருந்து வந்தது.

துணிவும் பணிவும்: துப்பாக்கிக்கு முன் நின்றவர்தான் "சகோதரர்களே" என்றும் அழைத்தார். கோபப்படுவது மட்டும் துணிவு ஆகாது.

நேர்மை: பால் அளவும் பணக் கணக்கும் எல்லோர் கண்முன்னும் இருந்தன.

சமமாக நடத்துதல்: ஒரே வரிசை, ஒரே அளவு.

பகிர்ந்து கொடுத்தல்: வேலையைப் பகிர்ந்து கொடுத்தார்கள். புகழையும் பகிர்ந்து கொடுத்தார்கள். நேரம் வந்தபோது பதவியையும் கொடுத்தார்கள்.

"எனக்கு இது வருமா?"

எங்கள் கற்றல் மையத்தில் இந்தக் கதைகளைப் படித்தோம். படித்து முடித்ததும் பேச்சு எழுந்தது.

ஓர் அக்கா சொன்னார்: "கேட்க நல்லாத்தான் இருக்கு டீச்சர். நாலு பேர் முன்னால நின்னா எனக்கு நாக்கு ஒட்டிக்குது. நான் எங்க தலைவி ஆகறது?"

பக்கத்தில் இருந்த பாட்டி கேட்டார்: "ஏன்டி, போன மாசம் ரேஷன் கடையில எடை குறையுதுன்னு கேட்டது யாரு? நீதானே?"

"அது கோபத்துல கேட்டது பாட்டி."

"கோபத்துல வந்த பேச்சு யோசிச்சா வராதா?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்த அக்காவும் சிரித்தார். பிறகு ஒரு பெரியவர் சொன்னார்: "பேசறதைக் கத்துக்கலாம்மா. கணக்குத்தான் எனக்குப் பயம். சங்கத்து நோட்டைக் கொண்டாந்து நீட்டுவாங்க. கையெழுத்துப் போடுன்னு சொல்வாங்க. போட்டுடுவேன். உள்ள என்ன இருக்குன்னு பார்த்ததே இல்ல."

அன்று மாலை நாங்கள் அந்த நோட்டைக் கொண்டுவரச் சொன்னோம். வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம். ஒவ்வொரு வரியாக அவரே படித்தார். ஒரு மணி நேரம் ஆனது. தவறு எதுவும் இல்லை. ஆனால் நோட்டை மூடியபோது அவர் சொன்னார்: "இத்தனை வருஷம் என் பேரை மட்டும்தான் எழுதினேன். இன்னிக்குத்தான் கையெழுத்துப் போட்டேன்."

அவர் சொன்னதை நாமும் மனதில் வைப்போம். படித்துப் புரிந்துகொண்டு போடுவதுதான் கையெழுத்து.

எப்படி வளர்த்துக்கொள்வது?

நீச்சல் கற்கத் தண்ணீரில் இறங்க வேண்டும். தலைமையும் அப்படித்தான். சிறு சிறு வேலைகளில் பழக வேண்டும்.

1. கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். முதல் தடவை குரல் நடுங்கும். நான்காம் தடவை நடுங்காது. என்ன கேட்பது என்று வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

2. பேசாமல் இருப்பவரைக் கவனியுங்கள். ஓரத்தில் உட்கார்ந்திருப்பவரிடம், "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேளுங்கள். சில சமயம் அவரிடம்தான் விடை இருக்கும்.

3. கணக்கை உரக்கப் படியுங்கள். சங்கக் கூட்டம் முடியும் முன் வரவு, செலவு, இருப்பு மூன்றையும் எல்லோர் முன்னும் படிக்க வேண்டும். இந்த மாதம் ஒருவர் படித்தால் அடுத்த மாதம் இன்னொருவர் படிக்கட்டும்.

4. வெற்றுத் தாளிலோ, தொகை எழுதாத காசோலையிலோ கையெழுத்துப் போடாதீர்கள். கேட்பவர் எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும் போடாதீர்கள். "படிச்சுட்டுப் போடறேன்" என்று சொல்வது மரியாதைக் குறைவு ஆகாது.

5. முடிவை எழுதி வையுங்கள். யார், எந்த வேலையை, எந்தத் தேதிக்குள் செய்வது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். வாயால் சொன்னது மறந்துபோகும். எழுதியது நிற்கும்.

6. சொன்ன வேலையைச் சொன்ன நாளில் முடியுங்கள். முடியவில்லை என்றால் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். சிறிய வேலையில் வாக்குக் காப்பவரிடம்தான் ஊர் பெரிய வேலையைக் கொடுக்கும்.

7. உங்கள் வேலையை இன்னொருவருக்குக் கற்றுக் கொடுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாளிலும் சங்கம் நடந்தால், நீங்கள் நல்ல தலைவர்.

ஊராட்சியில் நம் இடம்

அரசியல் சட்டத்தின் 73-ஆம் திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்தது. ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களுக்கு இடம் வேண்டும் என்று அது சொல்கிறது. தலைவர் பதவிகளுக்கும் இது பொருந்தும். பல மாநிலங்கள் இதைப் பாதியாக உயர்த்தியுள்ளன. தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள் தொகைக்கு ஏற்ப இடங்கள் உண்டு. இதனால் நம்மைப் போன்ற வீடுகளிலிருந்து லட்சக்கணக்கான பெண்கள் ஊராட்சிக்கு வந்திருக்கிறார்கள்.

ஆனால் சில ஊர்களில் என்ன நடக்கிறது? பதவி மனைவிக்கு. நாற்காலி கணவருக்கு. கூட்டத்தில் அவர் பேசுகிறார். வீட்டுக்கு வரும் தாளில் இவர் கையெழுத்துப் போடுகிறார். நாளை ஏதாவது தவறு நடந்தால் யார் பதில் சொல்ல வேண்டும்? கையெழுத்துப் போட்டவர்தான். அதனால் பதவியில் இருப்பவரே கூட்டத்துக்குப் போக வேண்டும். அவரே படிக்க வேண்டும். அவரே பேச வேண்டும். வீட்டில் உள்ளவர்கள் துணையாக இருக்கலாம். பதிலாக இருக்கக் கூடாது.

பதவி இல்லாதவர்களுக்கும் ஓர் இடம் உண்டு. அதுதான் கிராம சபை. ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் கிராம சபையின் உறுப்பினர்கள். அங்கே வரவு செலவைக் கேட்கலாம். குழாய், சாலை, விளக்கு பற்றிக் கேட்கலாம். பதில் கிடைக்காவிட்டால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு எழுதலாம். பொதுவாக 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம்.

தலைவரைக் கேள்வி கேட்பதும் நம் கடமைதான். தலைவர் நல்லவராக இருந்தாலும் கணக்குக் கேட்க வேண்டும். நல்ல தலைவர் அதற்காகக் கோபப்படமாட்டார். கேட்பவர் இருந்தால்தான் அவருக்கும் பாதுகாப்பு.

நண்பர்களே, கௌரா தேவி காட்டுக்கு நடந்தார். கேடா விவசாயிகள் வரிசையில் நின்றார்கள். அகமதாபாத் பெண்கள் ஓர் இரவு விழித்திருந்தார்கள். அவர்கள் செய்தது நம் கைக்கு எட்டாதது அல்ல. உடைந்த குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டிருக்கிறது. இன்று மாலை நாலு பேரைக் கூப்பிடுங்கள். மனு எழுத உங்களுக்கு இப்போது தெரியும்.

கேள்விகள்

1. கௌரா தேவி எத்தனை பேரோடு காட்டுக்குப் போனார்?
2. கேடா விவசாயிகள் எத்தனை நாள் பால் கொடுக்காமல் இருந்தார்கள்? ஏன்?
3. பால் சங்கத்தில் நம்பிக்கை வளர்ந்தது எப்படி?
4. காலையில் 50 ரூபாய் வாங்கி மாலையில் 55 ரூபாய் கொடுத்தால், 30 நாளில் எவ்வளவு வட்டி ஆகும்? கணக்குப் போடுங்கள்.
5. வங்கிப் பெண்கள் இரவெல்லாம் ஏன் விழித்திருந்தார்கள்?

கலந்து பேசுங்கள்

உங்கள் ஊரில் பதவி இல்லாத நல்ல தலைவர் யார்? அவரிடம் உங்களுக்குப் பிடித்த குணம் என்ன?

செய்து பாருங்கள்

உங்கள் தெருவில் உள்ள ஒரு குறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர் சேர்ந்து பேசுங்கள். ஊராட்சித் தலைவருக்குப் பத்து வரியில் ஒரு மனு எழுதுங்கள். ஒருவர் எழுதட்டும். இன்னொருவர் உரக்கப் படிக்கட்டும். எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்.

சொற்களைத் தெரிந்துகொள்வோம்

இழப்பீடு: நட்டத்துக்கு ஈடாகத் தரும் பணம்
குத்தகைக்காரர்: பணம் கட்டி உரிமை எடுத்தவர்
ஒன்றியம்: பல சங்கங்கள் சேர்ந்த அமைப்பு
தீர்மானம்: கூட்டத்தில் எடுக்கும் முடிவு
இருப்பு: செலவு போக மீதி உள்ள தொகை